வட்டார இதழுக்குப் பெயரும் எழுத்துருவும் தேர்ந்தெடுப்பது எப்படி

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு மாத இதழ் தொடங்க எண்ணுகிறவர்கள், கட்டுரைகளைத் திரட்டுவதில் மூன்று நான்கு மாதங்களைச் செலவிட்டுவிட்டு, இதழின் பெயரையும் எழுத்துருவையும் அச்சுக்குப் போகும் முந்தைய நாள் மாலையில் டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) மையத்தில் உட்கார்ந்து முடிவுசெய்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன். நானும் என் முதல் இதழில் அப்படித்தான் செய்தேன். அதில் நேர்ந்த பிழையை உரிய இடத்தில் சொல்கிறேன். கட்டுரையை அடுத்த இதழில் மேம்படுத்திக்கொள்ளலாம். பெயரை அப்படி மாற்ற முடியாது. எழுத்துருவையும் இதழுக்கு இதழ் மாற்றிக்கொண்டிருந்தால் வாசகருக்கு அந்த இதழின் முகம் மனத்தில் பதியாது. ஆகவே இவ்விரண்டுக்கும் குறைந்தது ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

பெயர்

முதலில் இருபது பெயர்களையாவது தாளில் எழுதுங்கள். நம் வட்டாரத்தில் எழுத உட்காரும் எவருக்கும் முதலில் கைக்கு வருவது தருமபுரியின் பழம்பெயரான ‘தகடூர்’ என்பதுதான். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர், ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்த கதை, இவையெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருப்பதால் அதன்மேல் ஆசை வருவது இயல்பே. ஆயினும் உங்கள் இதழ் எந்த எல்லைக்குள் படிக்கப்படப்போகிறது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது; 2004 பிப்ரவரி 9இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. இந்த இருபது ஆண்டுகளில் வளர்ந்த ஓசூர் இளைஞருக்குத் தகடூர் என்பது பக்கத்து மாவட்டத்தின் பழம்பெயர் மட்டுமே. அரூரிலும் பென்னாகரத்திலும் மட்டும் விற்கும் இதழ் என்றால் அது பொருந்தும். தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் சந்தா சேர்க்க நினைத்தால் அவர்களுக்கும் உரிமையுள்ள ஒரு சொல் வேண்டும்.

இரு மாவட்டங்களின் பெரும்பகுதியைச் சேர்த்துச் சுட்டிய பெயர் ‘பாராமகால்’. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து அந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது வருவாய்க் கணக்குகளில் நிலைத்துவிட்ட பெயர் அது. வரலாற்று இதழுக்கு அது அருமையான பெயர். ஆனால் அதனைப் பாரமகால், பாராமகால், பாரா மகால் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எழுத்து நிலைபெறாத பெயரை இதழுக்கு வைத்தால், இணையத்தில் தேடுகிறவர் ஒருவகையில் தட்டச்சிட, நீங்கள் வேறுவகையில் அச்சிட்டிருப்பீர்கள். இதே சிக்கல் நம் ஊர்ப்பெயர்கள் பலவற்றிலும் உண்டு. அரசு ஆவணங்களில் ‘தருமபுரி’, பேச்சில் ‘தர்மபுரி’. அதுபோலவே ‘ஓசூர்’ அல்லது ‘ஹோசூர்’, ‘கிருஷ்ணகிரி’ அல்லது ‘கிருட்டிணகிரி’. ஊர்ப்பெயர் இதழ்ப்பெயரில் வருமானால், எந்த வடிவம் என்பதை முதல் நாளே முடிவுசெய்து, விண்ணப்பத்திலும் அட்டையிலும் ரசீதுப் புத்தகத்திலும் அதே வடிவத்தைப் பின்பற்றுங்கள். பாப்பாரப்பட்டியில் 1925இல் மறைந்த சுப்பிரமணிய சிவா, 1913இல் தொடங்கிய தம் இதழுக்கு ‘ஞானபாநு’ என்று தந்நகரம் இட்டே பெயர் வைத்தார். இன்று பலர் அதை றன்னகரம் இட்டு ‘பானு’ என எழுதிவிடுகிறார்கள். ஓர் எழுத்தில்கூட இதழின் அடையாளம் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மண்ணின் விளைபொருள், ஆறு, மலை, தொழில் ஆகியவற்றிலிருந்தும் பெயர் எடுக்கலாம். நெல்லி, சாமை, மாந்தோப்பு, தென்பெண்ணை, சின்னாறு, வத்தல்மலை, நடுகல், சந்தை என்று தேடிக்கொண்டே போகலாம். கடினமான இலக்கியச் சொல்லைவிடப் போச்சம்பள்ளி வாரச்சந்தையில் காதில் விழும் ஒரு சொல் இதழுக்கு நெடுநாள் உழைக்கும் என்பது என் எண்ணம்.

பட்டியலை ஐந்தாகக் குறைத்த பின் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். முதலாவது தொலைபேசிச் சோதனை. இதழைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரை அழைத்து, பெயரை ஒரே ஒரு முறை சொல்லி, அதைத் தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லுங்கள். லகர, ளகர, ழகரங்களும் ரகர, றகரங்களும் வரும் இடங்களில் ஐந்து பேரில் மூவர் தவறாக எழுதினால், அந்தப் பெயரைக் கைவிடுவது நல்லது. இரண்டாவது கடைச் சோதனை. பேருந்து நிலையப் பத்திரிகைக் கடையில் இதழ்களைக் கயிற்றில் கிளிப் போட்டு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி தொங்கவிடுவார்கள். வெளியே தெரிவது பெரும்பாலும் அட்டையின் மேல் விளிம்பும் இடப்பக்கமும்தான். பெயரைப் பெரிதாக அச்செடுத்து, வலப்பாதியை வேறு தாளால் மறைத்துப் பாருங்கள். மீதியை மட்டும் பார்த்து இன்ன இதழ் என்று அடையாளம் காண முடிய வேண்டும். மூன்றிலிருந்து ஆறு எழுத்துகளுக்குள் அமைந்த ஒற்றைச் சொற்கள் இச்சோதனையில் எளிதில் தேறுகின்றன. மூன்று சொற்கள் கொண்ட பெயர்கள் பெரும்பாலும் தேறுவதில்லை.

பதிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செய்திகளும் செய்திகள் மீதான கருத்துகளும் வெளியிடும் பருவ இதழ், 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள 2023ஆம் ஆண்டின் பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருகிறது. விண்ணப்பம் முழுவதும் இணையவழிதான். அதே மொழியில் இந்தியாவின் எந்தப் பகுதியிலும், வேறு எந்த மொழியிலாயினும் அதே மாநிலத்திலும், இன்னொருவரிடம் உள்ள பெயரோ அதை ஒத்த பெயரோ உங்களுக்குக் கிடைக்காது. தெலுங்கும் கன்னடமும் புழங்கும் ஓசூர்ப் பக்கத்தில் இதழ் நடத்துகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. தமிழில் அந்தப் பெயர் இல்லை என்பது மட்டும் போதாது. ‘நெல்லி’ போன்ற அழகிய ஒற்றைச் சொல் ஏற்கெனவே ஒருவர் கையில் இருக்க வாய்ப்பு மிகுதி என்பதால், மாற்றுப் பெயர்களை விருப்ப வரிசையில் ஆயத்தமாக வைத்திருங்கள். பெயர் உறுதியாகும்வரை அட்டைக்குச் செலவு செய்ய வேண்டாம்.

எழுத்துரு

எழுத்துருவின் அழகைப் பற்றி யோசிக்கும் முன், அது ஒருங்குறி (யூனிகோடு) எழுத்துருவா என்று கேளுங்கள். நம் பக்கத்து டி.டி.பி. மையங்கள் சிலவற்றில் இன்னமும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும், அதற்கேற்ற பாமினி, ஸ்ரீலிபி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் தட்டச்சிட்ட கட்டுரையை இணையத்திலோ வாட்ஸ்அப்பிலோ ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் தெரியும். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது. பத்தாண்டு கழித்து உங்கள் பழைய இதழ்களில் ஒரு பெயரைத் தேட வேண்டுமானால் மூலக்கோப்பு ஒருங்குறியில் இருந்தாக வேண்டும்.

என் முதல் இதழின் பிழை இங்குதான் நேர்ந்தது. ஔவையாரைப் பற்றிய முதன்மைக் கட்டுரை பழைய எழுத்துருவில் வந்தது. அச்சகத்தில் அதை மாற்றிக் கொடுத்தார்கள். ‘ஔ’ என்பது ஒரே எழுத்து. மாற்றத்தில் அது ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்துகளாகிவிட்டது. திரையில் வேறுபாடு தெரியவில்லை. அச்சில் வந்தபோது, ஒரு வரியின் கடைசியில் ‘ஒ’ தனியாக நிற்க, அடுத்த வரி ‘ளவையார்’ என்று தொடங்கியது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு எனக்கே திருப்பிக் கொடுத்தார். அச்சாகிவிட்ட 500 படிகளையும் அப்படியே விற்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து, மாற்றிய கோப்பு எதுவானாலும் ஔ, ஊ, ஸ்ரீ, க்ஷ, ஷ் ஆகிய ஐந்தையும் தனித்தனியே தேடிப் பார்த்த பிறகே பக்க வடிவமைப்புக்கு அனுப்புகிறேன்.

அடுத்து, சோதனைத் தாள் ஒன்றைத் தயாரித்துக்கொள்ளுங்கள். அதில் இதழில் அடிக்கடி வரப்போகும் நம் ஊர்ப்பெயர்களையே எழுதுங்கள்: கிருஷ்ணகிரி, தருமபுரி, தகடூர், ஒகேனக்கல், ஊத்தங்கரை, பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை, காவேரிப்பட்டணம், தீர்த்தமலை, ஔவை. இந்தப் பத்துச் சொற்களில் ஓர் எழுத்துரு தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய எல்லாமே வந்துவிடும். ‘கிருஷ்ணகிரி’யில் இரண்டு முறை மேலே எழும் ‘கி’யின் சுழி மேல்வரியை இடிக்கிறதா, ‘ஷ்’ மற்ற எழுத்துகளோடு உயரத்தில் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ‘தகடூர்’ என்பதில் ‘டூ’வின் வளைவு சிறிய அளவில் ‘டு’ போலத் தெரிகிறதா என்று பாருங்கள். ‘தீர்த்தமலை’யில் ‘ர்’ என்பதன் கால் நன்றாகத் தெரியாவிட்டால் அது துணைக்கால்மேல் புள்ளி வைத்ததுபோல் தோன்றும். பல எழுத்துருக்களில் ரகரமும் துணைக்காலும் இரட்டைப்பிள்ளைகள் போல இருக்கின்றன.

இந்தத் தாளை நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே காகிதத்தில், அதே அளவில் அச்செடுக்க வேண்டும். நியூஸ்பிரிண்டில் (செய்தித்தாள் காகிதத்தில்) மை பரவும். அதனால் ண, ஞ, ழ ஆகியவற்றின் உட்சுழிகள் அடைபடும்; மெல்லிய கோடுகள் மங்கும். திரையில் நளினமாகத் தெரிகிற மெலிந்த எடை (கோட்டின் தடிமன்) அச்சில் சோர்ந்துவிடும். மாப்லித்தோ காகிதத்தில் இந்தத் தொல்லை குறைவு. எழுத்துரு அளவின் எண்ணையும் நம்பிவிட வேண்டாம். ஓர் எழுத்துருவின் 11 பாயிண்ட், இன்னொன்றின் 9 பாயிண்ட் போல இருக்கும். நான் பொதுவாக 10.5 முதல் 11 பாயிண்ட் வரை வைத்து, வரிக்கு வரி 15 அல்லது 16 பாயிண்ட் இடம் விடுகிறேன். தமிழில் மேலே விலங்கும் (இகர ஈகாரக் குறிகளும்) புள்ளியும், கீழே உகர ஊகாரக் குறிகளும் இருப்பதால், ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி நமக்குப் போதாது.

இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்களில் எனக்குப் பழக்கமானவற்றைச் சொல்கிறேன். கதை, கவிதை, நீண்ட கட்டுரை ஆகியவற்றுக்கு டீரோ தமிழ் அல்லது நோட்டோ செரிஃப் தமிழ் படிப்பதற்கு இதமானவை. செய்தி, பெட்டிச் செய்தி, அட்டவணை ஆகியவற்றுக்கு முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை தெளிவானவை. இவை பல எடைகளில் கிடைப்பதால் தலைப்புக்கும் துணைத்தலைப்புக்கும் வேறு எழுத்துருக் குடும்பத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. சிறுவர் பக்கத்துக்குப் பலூ தம்பி பொருந்தும். இவையெல்லாம் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானவை. விற்பனைக்கான இதழிலும் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். விலைக்கு விற்கும் எழுத்துருவை நண்பரின் பென்டிரைவிலிருந்து எடுத்துப் பயன்படுத்துவது, அதை மாதக்கணக்கில் உழைத்து வரைந்தவருக்குச் செய்யும் தீங்கு. ஓர் இதழுக்கு இரண்டு குடும்பங்கள் போதும். மென்பொருளைக் கொண்டு தமிழ் எழுத்தை வலிந்து சாய்க்காதீர்கள். அழுத்தம் வேண்டிய இடத்தில் தடித்த எழுத்தோ ஒற்றை மேற்கோள் குறியோ போதுமானது.

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளி விலையை அட்டவணையாக வெளியிடுவதானால் எண்களையும் சோதியுங்கள். சில தமிழ் எழுத்துருக்களில் எண்கள் இருப்பதில்லை. கணினி வேறொன்றிலிருந்து எடுத்து நிரப்பும். 1 என்பதும் 8 என்பதும் ஒரே அகலத்தில் அமையாவிட்டால் விலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக நிற்காது. ரூபாய்க் குறியீடு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஏ4 பக்கத்தில் நெடுக்காக மூன்று பத்திகள் (காலம்) வைத்து இருபக்கமும் சமன்செய்தால் சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் விழும். இரண்டு பத்திகளே சரி. சொல்லை உடைக்க நேர்ந்தால், புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வரக் கூடாது. ‘கிருஷ்’ என்று முடித்து ‘ணகிரி’ என்று தொடங்கலாம், ‘ஷ்ணகிரி’ என்று தொடங்கக் கூடாது. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், பாரா அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துருவின் மேல் குறையில்லை.

முகப்பு எழுத்து

அட்டையில் வரும் இதழ்ப்பெயரை மட்டும் எழுத்துருவில் அப்படியே தட்டி விட்டுவிடாமல், ஓவியர் ஒருவரிடம் கையால் எழுதி வாங்குவது நல்லது. சுவர் விளம்பரமும் பெயர்ப்பலகையும் எழுதிப் பழகியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். எழுத்துகளுக்கு இடையில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது அவர்களுடைய கைக்குத் தெரியும். ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள். நம் பகுதியின் பழைய நடுகற்களில் வட்டெழுத்து இருப்பதால், பெயரையும் வட்டெழுத்துச் சாயலில் எழுதும் ஆசை பலருக்கு வருகிறது. எனக்கும் அந்தக் கற்கள் மேல் பெரும் பற்று உண்டு. ஆனால் இன்றைய வாசகரால் படிக்க முடியாத எழுத்தை அட்டையில் வைத்தால், அந்தப் பெயரைச் சொல்லிக் கடையில் இதழைக் கேட்க அவரால் முடியாது. அந்தச் சாயலை உள்பக்கத்தில், நடுகல் கட்டுரையின் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அச்சகத்துக்குக் கோப்பை அனுப்பும்போது எழுத்துருக்கள் உள்ளே பொதிந்த பி.டி.எஃப். கோப்பாகவே அனுப்புங்கள். ஓவியர் எழுதிய முகப்பைக் கோட்டுருவாக (வெக்டர்) மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பிளேட் போடும் முன் ஒரு பக்க மெய்ப்பை அச்சில் கேட்டு வாங்கி, அறுபது வயதைக் கடந்த, கண்ணாடி போட்ட ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கும் இடங்களில் பென்சிலால் கோடிட்டு வாருங்கள். ஒரே எழுத்தில் மூன்று முறை தயங்கினால் அளவை அரை பாயிண்ட் கூட்டிப் பாருங்கள். அப்போதும் தயங்கினால் எழுத்துருவை மாற்றுங்கள்.