வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீச்சு வலைக்கும் தூண்டிலுக்கும் வேண்டிய குண்டுகளை வீட்டிலேயே வார்க்கிறவர்களுக்கு இது. கையுறை, கண்ணாடி, மூடிய செருப்பு எல்லாம் தெரிந்ததுதான், அவற்றை விட்டுவிடுவோம்.

உருகிய ஈயத்தில் பழைய குண்டைப் போடுவது

சட்டியில் ஈயம் உருகி மினுங்குகிறது. கொஞ்சம் குறைகிறது என்று பழைய வலையில் அறுத்தெடுத்த குண்டுகளை ஒரு பிடி அள்ளிப் போடுகிறார்கள். புதிதாக வார்ப்பவர்கள் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் செய்கிறார்கள்.

அந்தக் குண்டுகள் கைக்குக் காய்ந்தது போலத்தான் இருக்கும். கயிறு போகும் துளைக்குள் சேறும் உப்பும் இறுகியிருப்பது தெரியாது. உப்பு ஈரத்தை விடாது. வெயிலில் ஒரு நாள் காய்ந்தாலும் உள்ளே கசிவு இருக்கும். கெட்டி ஈயம் உருகிய ஈயத்தைவிடக் கனம், அதனால் நேரே அடிக்குப் போகும். மேலே உருகி நிற்பது 350 டிகிரிக்கு மேல். அடியில் சிக்கிய ஒரு சொட்டு நீர் ஆயிரம் மடங்குக்கு மேல் ஆவியாக விரிந்து, சட்டியில் இருப்பதை முகத்துக்கு அடிக்கும்.

ஈயத்தின் மேல் ஒரு வியர்வைத் துளி விழுந்து 'சொய்ங்' என்று ஓடி மறைவதைப் பார்த்தவர்கள், தண்ணீரால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மேலே விழுந்த நீர் வேறு, அடியில் மாட்டிய நீர் வேறு.

வழி எளிது. பழைய ஈயம் முழுவதையும் குளிர்ந்த சட்டியில் போட்டு, அதன்பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். சட்டியோடு சேர்ந்து சூடாகும்போதே ஈரம் போய்விடும். நடுவில் சேர்க்க வேண்டுமென்றால், ஏற்கெனவே உருக்கிப் பாளமாக ஊற்றிவைத்த சுத்தமான ஈயத்தை மட்டும், சட்டி ஓரத்தில் நன்றாகச் சுடவைத்துப் போடுங்கள்.

கரண்டிக்கும் இதே கதிதான். கேஸ் தீயின் மேல் குளிர்ந்த இரும்பைக் காட்டினால் முதலில் வியர்க்கும். எரிவாயு எரியும்போது உண்டாகும் நீராவி அதில் படிகிறது. அந்த வியர்வை மறைந்து இரும்பு நன்றாகச் சுட்ட பிறகே உள்ளே விடுங்கள். சிமெண்டுத் தரையிலும் ஈரம் இருக்கும். ஈயம் சிந்தினால் தரை வெடித்துத் தெறிக்கும். அடுப்புக்குக் கீழே இரும்புத் தகடு போடுங்கள்.

பேட்டரித் தகடு

பழைய பேட்டரியின் ஈயத் தகடுகளை உருக்க எடுக்காதீர்கள், தொடாதீர்கள்.

துத்தநாகம் கலப்பது

ஈயம் என்று உருக்க எடுக்கும் வண்டிச் சக்கர எடைகளில் பல இப்போது துத்தநாகம். கட்டிங் பிளையரால் நறுக்கினால் ஈயத்தில் வாய் பதியும், துத்தநாகத்தில் பதியாது. அது உருக 419 டிகிரி வேண்டும். சூட்டை அதற்குக் கீழே வைத்தால் மிதக்கும், அள்ளிவிடலாம். கலந்துவிட்டால் ஈயம் உப்புமா போலத் திரளும், அச்சு நிறையாது.

அலுமினியச் சட்டி

வேண்டாம். வார்ப்பிரும்பு அல்லது தடித்த இரும்பு.

குண்டில் சுருக்கம் விழுந்தால் தீயைக் கூட்டுவது

முதல் நாலைந்து குண்டுகள் சுருங்கித்தான் வரும். அச்சு குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அவற்றைத் திரும்ப உருக்குங்கள். அச்சு சூடானதும் தானே சரியாகும். சூட்டைக் கூட்டினால் கசடுதான் அதிகமாகும்.

புகைக்குப் பயந்து, கசடை விட்டுவிடுவது

திறந்த வெளியில், அளவான சூட்டில் வார்த்தால் ஆவி மிகக் குறைவு. மேலே வழித்தெடுக்கும் சாம்பல் நிறத் தூளான கசடுதான் உடம்புக்குள் போகிறது: கை வழியாக, சோற்றோடு. துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். வார்த்த உடுப்போடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

தூண்டில் ஈயத்தைப் பல்லால் நெரிப்பது

இடுக்கி இருக்கிறது.