தொலைதூரப் பாதைக்குச் சைக்கிளும் டயரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடும்பயணத்துக்குச் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது எடையைத்தான். மத்திய ஆசியாவின் பாமிர் நெடுஞ்சாலை மாதிரி, அடுத்த ஊர் வரவே ஒன்றிரண்டு நாள் மிதிக்க வேண்டிய தடங்களில் எடை இரண்டாம்பட்சம். எது உடையும், உடைந்தால் அங்கேயே சரிசெய்ய முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

பலரும் கோட்டை விடுவது டயரில். மெல்லிய டயர் வேகமாக ஓடும் என்று 32 மி.மீ. டயரோடு கிளம்பிவிடுகிறார்கள். சுமை ஏற்றிய சைக்கிள் சரளைக்கல்லில் இறங்கியதும் அந்த வேகம் காணாமல் போய்விடும். கல்லில் மோதி டியூப் நசுங்கிப் பஞ்சராவதுதான் மிச்சம். 50 மி.மீ. அளவில் அகலமான டயர் நல்லது. ஆனால் அது பிரேமுக்குள் நுழைந்தால் மட்டும் போதாது. மட்கார்டு மாட்டிய பிறகும் சேறு வழிந்து போக இருபுறமும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

அகலமான டயரை வாங்கிவிட்டுக் கல் மாதிரி காற்றடிப்பது அடுத்த தவறு. டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சக் காற்றழுத்தம் ஒரு வரம்பு, அவ்வளவுதான். தார்ச்சாலை முடிந்ததும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். கல்லில் ஏறும்போது ரிம் இடிக்கிற சத்தம் கேட்டால் அளவுக்கு மேல் குறைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். சுமையில் பெரும்பங்கு பின்சக்கரத்தில் விழுவதால் அதற்கு எப்போதும் முன்சக்கரத்தைவிடக் கூடுதல் காற்று வேண்டும்.

அளவைப் பேச்சுவாக்கில் சொல்லி டயர் வாங்காதீர்கள். 26 அங்குலம் என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத டயர்கள் உண்டு. டயர் ஓரத்தில் 57-559 என்பது போல ஓர் எண் இருக்கும். முன்னது அகலம், பின்னது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மி.மீட்டரில். 26 × 1.75 டயருக்கு அந்த விட்டம் 559. 26 × 1 3/8 டயருக்கு 590. எவ்வளவு முயன்றாலும் ஒன்றின் ரிம்மில் மற்றது உட்காராது. 700சி, 29 அங்குலம் என்று விற்கும் இரண்டு அளவுக்கும் அந்த விட்டம் 622தான். அங்கே அகலம் மட்டும் ஒத்துவர வேண்டும். போகும் பகுதியில் எந்த அளவு கிடைக்கிறது என்று விசாரித்துவிட்டுச் சக்கரத்தை முடிவு செய்யுங்கள்.

டியூப்லெஸ் போட்டால் டியூப் வேண்டாம் என்று நினைப்பதும் ஆபத்து. ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அது அடைக்காது. டியூபை மட்டும் போட்டாலும் கிழிசல் வழியே பிதுங்கி வெடிக்கும். பழைய டயரில் வெட்டிய ஒரு துண்டை உள்ளே வைத்து, அதற்குமேல் டியூபைப் போட்டால் ஊர் வரை ஓட்டிவிடலாம். இரண்டு டியூபும் அந்தத் துண்டும் பையில் இருக்கட்டும்.

இரும்பா, அலுமினியமா, கார்பனா என்று பிரேமைப் பற்றி நடக்கும் வாதத்தில் பாதிகூடச் சக்கரத்தைப் பற்றி நடப்பதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. சுமை ஏற்றிய சைக்கிளில் பிரேம் உடைவது அபூர்வம். பின்சக்கரத்தில் செயின் பக்கத்து ஸ்போக் கம்பி அறுவதுதான் அடிக்கடி நடப்பது. அதை மாற்ற கியர் பற்சக்கரத் தொகுதியைக் கழற்ற வேண்டும். கழற்றும் கருவியும், இரு பக்கத்துக்கும் சரியான நீளத்தில் உபரிக் கம்பிகளும் கையில் இல்லாவிட்டால் சக்கரம் ஆடிக்கொண்டேதான் போகும். 36 கம்பிச் சக்கரமாக வாங்குங்கள். கோட்டம் எடுக்கக் கற்றுக்கொண்டு கிளம்புங்கள். கேரியர் மட்டும் இரும்பில் இருப்பது நல்லது. சாதாரண வெல்டிங் பட்டறையிலேயே ஒட்டிவிடலாம்.

பிரேக் கேபிளில் இயங்கட்டும். ஹைட்ராலிக் பிரேக் நன்றாகவே பிடிக்கும், ஆனால் குழாய் வெட்டுப்பட்டால் வழியில் சரிசெய்வது கடினம். கியரில் மேல்வேகத்தை விடுங்கள், ஏற்றத்துக்கான கடைசி கியரைப் பாருங்கள். முன்னால் 22 பல், பின்னால் 34 பல் என்ற அளவில் இருந்தால் செங்குத்தான மண்பாதையிலும் இறங்கித் தள்ளும் வேலை குறையும்.

வெறும் சைக்கிளை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீரும் கூடாரமும் உட்பட முழுச் சுமையையும் ஏற்றி ஒரு மண்பாதையில் ஓட்டிப் பாருங்கள். பெடல் அச்சிலிருந்து பின்சக்கரம் வரை போகும் பின்சட்டம் குட்டையாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் கேரியரில் தொங்கும் பையில் இடிக்கும். இறக்கத்தில் கைப்பிடி தானாக ஆடும் சைக்கிளும் அப்போதே தெரிந்துவிடும். பையைப் பின்னுக்குத் தள்ளியும், சுமையில் கொஞ்சத்தை முன்சக்கரத்துக்கு மாற்றியும் சரியாகவில்லை என்றால் வேறு சைக்கிள் பாருங்கள்.