கொழும்பில் ஹைவே ஏறுமுன்: புதிதாக வந்தவர்களுக்கு

வெள்ளவத்தையில் காலி வீதி நெரிசலும் பொரளைச் சந்தியும் கொஞ்ச நாளில் பழகிவிடும். ஊருக்குள் தவறான இடத்தில் திரும்பினால் அடுத்த ஒழுங்கையால் சுற்றி வந்துவிடலாம். ஹைவேயில் அது நடக்காது. ஒரு வாசலை (ஏறி இறங்கும் இடத்தை) தவறவிட்டால் அடுத்த வாசல் 20 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கலாம். அதனால் எங்கே இறங்கப்போகிறோம் என்பதை ஏறுவதற்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். வாசலின் பெயரை, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியும் வைக்க வேண்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இங்கே "ஹைவே" என்று ஆட்கள் சொல்வது அதிவேக நெடுஞ்சாலையை. பழைய காலி வீதியையோ கண்டி வீதியையோ யாரும் அப்படிச் சொல்வதில்லை. கொழும்பில் இருப்பவருக்கு அன்றாடம் தேவைப்படுபவை மூன்று. பேலியகொடவில் புதிய களனிப் பாலத்தடியில் தொடங்கி விமான நிலையப் பக்கம் போவது கட்டுநாயக்க ஹைவே (இ03, பலகையில் E03). 2013 ஒக்டோபரில் திறந்தது, நீளம் 25.8 கிலோமீற்றர். கொட்டாவையில் தொடங்கித் தெற்கே போவது இ01. 2011 நவம்பரில் காலிவரை, 2014இல் மாத்தறைவரை, 2020 பெப்ரவரியில் அம்பாந்தோட்டைவரை நீண்டது. இவை இரண்டையும் நகரத்துக்கு வெளியே வளைத்து இணைப்பது வெளிச்சுற்று வட்ட வீதி (இ02): கொட்டாவ, அதுருகிரிய, கடுவெல, கடவத்தை, கெரவலப்பிட்டி. விமான நிலையத்தில் இறங்கி நேரே காலிக்குப் போகிறவர் கொழும்பு நகருக்குள் நுழையவே தேவையில்லை. கெரவலப்பிட்டியில் இ02க்கு மாறி, கொட்டாவையைத் தாண்டித் தெற்கே போய்விடலாம்.

காசு எப்படி வாங்குகிறார்கள்

சென்னையிலோ மதுரையிலோ ஓட்டிப் பழகியவர்களுக்கு முதல் குழப்பம் இதுதான். அங்கே சுங்கச்சாவடி வீதிக்குக் குறுக்கே நிற்கும். ஒவ்வொன்றிலும் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் பட்டையில் காசு கழியும், பைக்காரர் பக்கத்தால் சும்மா போய்விடுவார். இங்கே நடுவீதியில் சாவடி கிடையாது. ஏறும் வாசலில் டிக்கட் தருவார்கள், இறங்கும் வாசலில் அதைக் கொடுத்துக் காசு கட்ட வேண்டும். ஃபாஸ்டேக் இங்கே செல்லாது. பைக், முச்சக்கரவண்டி, டிராக்டர், சைக்கிள் எதற்கும் அனுமதியே இல்லை.

கலிபோர்னியாவிலிருந்து வருகிறவர்களுக்குக் குழப்பம் வேறு மாதிரி. அங்கே இலவசத் தடங்களுக்குப் பக்கத்திலேயே காசு கட்டும் விரைவுத் தடம் ஓடும், நெரிசலுக்கு ஏற்ப விலை ஏறி இறங்கும். இங்கே வீதி முழுவதற்கும் கட்டணம். அதை முக்கியமாகத் தீர்மானிப்பவை இரண்டு: எங்கே ஏறி எங்கே இறங்கினீர்கள் என்பதும், வாகன வகுப்பும். கார், ஜீப், சிறிய வான் எல்லாம் மிகக் குறைந்த வகுப்பில் வரும். ஆசனங்களும் அச்சுகளும் கூடக்கூடத் தொகையும் கூடும். விலை அவ்வப்போது மாறுவதால் நண்பர் சொன்ன பழைய தொகையை நம்பாமல் வாசலில் உள்ள பலகையைப் பாருங்கள்.

டிக்கட் சின்னதுதான், ஆனால் நீங்கள் எங்கே ஏறினீர்கள் என்பதற்கு அது ஒன்றே சான்று. தொலைத்தால் ஆகக் கூடிய தூரத்துக்கான கட்டணத்தைக் கேட்கக்கூடும். கையில் வாங்கியவுடன் தலைக்கு மேலே வெயில் மறைப்பில் செருகிவிடுங்கள். மடியில் வைத்தால் இருக்கைக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவில் விழும், இறங்கும் வாசலில் பின்னால் பத்து வாகனம் ஹோர்ன் அடிக்கும்போது அதைத் தோண்டி எடுக்க முடியாது. கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு டாஷ்போர்டில் விட்டாலும் அதே கதிதான், பறந்துவிடும்.

2025 மே மாதத்தில் கொட்டாவ, கடவத்தை வாசல்களில் வங்கி அட்டையால் கட்டும் வசதி தொடங்கியது. இருந்தாலும் காசு இல்லாமல் ஹைவே ஏற வேண்டாம். இயந்திரம் இணைப்புக் கிடைக்காமல் நின்றால் வரிசை முழுவதும் உங்களுக்காக நிற்கும். நூறு ரூபாய், ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக ஒரு கட்டு வண்டியிலேயே கிடக்கட்டும். சிறு கட்டணத்துக்கு ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறை எண்ணி முடிய நேரமாகும்.

கட்டுநாயக்க ஹைவேயில் நிற்காமல் போகும் ஈ.டி.சி. (மின்னணுக் கட்டண) தடமும் உண்டு. முன்கண்ணாடியில் ஒட்டிய பட்டையை வாசலில் உள்ள அன்டெனா படித்து, முன்கூட்டிப் போட்ட பணத்திலிருந்து கழித்துக்கொள்ளும். விமான நிலையப் பக்கம் தினமும் போய்வருகிறவருக்கு இது பெரிய உதவி, மாதம் ஒருமுறை போகிறவருக்குத் தேவையில்லை. பட்டை இல்லாமல் அந்தத் தடத்துக்குள் போய்விட்டால் தடை திறக்காது. அப்போது ரிவர்ஸ் எடுக்கவே கூடாது, பின்னால் வருபவர் நிற்காமல் போகும் எண்ணத்தில் வருவார். ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு ஊழியர் வரும்வரை இருங்கள். பட்டை இருந்தும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் மீதிப்பணம் குறைந்திருக்கும், இல்லையேல் உலோகப் பூச்சுள்ள டின்ட் தாளுக்குப் பின்னால் ஒட்டியிருப்பீர்கள்.

ஏறியபின்

உச்ச வேகம் பொதுவாக மணிக்கு 100 கிலோமீற்றர். வளைவுகளிலும் வாசல்களுக்கு அருகிலும் பலகை குறைத்துச் சொல்லும், அதுதான் கணக்கு. 60க்குக் கீழேயும் ஊரக்கூடாது. பழைய வீதியில் 40இல் போகிறவரைக் கவனமான சாரதி என்பார்கள், இங்கே அவர் ஆபத்து. மழை வலுத்தால் 60க்கு இறக்குங்கள். டயருக்கும் தாருக்கும் நடுவில் நீர்ப்படலம் புகுந்துவிட்டால் ஸ்டியரிங் லேசாகும், பிரேக் பிடிக்காது. அந்த நேரம் காலை எக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வேண்டுமே தவிர, பிரேக்கை மிதிக்கக்கூடாது.

ஓட வேண்டியது இடதுபக்கத் தடம். வலதுபக்கத் தடம் முந்துவதற்கு மட்டும், முந்திய உடனே இடதுக்குத் திரும்ப வேண்டும். 80இல் வலதுபக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "நான் ஸ்பீட் லிமிட்டுக்குள்தானே போகிறேன்" என்று நியாயம் பேசுகிறவர்கள்தான் பின்னால் வருபவரை இடதுபக்கத்தால் முந்த வைக்கிறார்கள். ரொறொன்ரோவிலோ பாரிஸிலோ ஓட்டியவர்கள் இந்த இடத்தில் இரட்டிப்புக் கவனமாக இருங்கள். அங்கே எல்லாம் தலைகீழ், களைத்துப்போன நேரத்தில் கை பழைய பழக்கத்துக்குப் போகும்.

இடைவெளி விடுவதில் எல்லாரும் கஞ்சர்கள். 100இல் போகும் வண்டி ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 28 மீற்றர் ஓடும், கண் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் முன்பே அந்தத் தூரம் போய்விடும். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டிய பிறகு நீங்கள் அதைத் தாண்ட இரண்டு செக்கனாவது ஆக வேண்டும், மழையில் நான்கு.

பெயர்ப்பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற வரிசையில் எழுத்து இருக்கும். மூன்றையும் படிக்க நேரம் இருக்காது, நடு வரியைத் தேடக் கண்ணைப் பழக்கிக்கொண்டால் போதும். ஊர்ப்பெயரை விட இன்டர்சேஞ்ச் (வாசல்) பெயரைத் தெரிந்துகொள்வதுதான் உதவும். காலிக்குப் போகிறவர் இறங்க வேண்டியது பின்னதுவ. மாத்தறைக்கு கொடகம. "காலி எப்போது வரும்" என்று பார்த்துக்கொண்டே போனால் பின்னதுவ கடந்துவிடும்.

கடந்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அடுத்த வாசல்வரை போய் இறங்கி, காசு கட்டி, எதிர்ப்பக்கம் ஏறித் திரும்புவது. ஓரத் தடத்தில் ரிவர்ஸ் எடுப்பதும், பிரியும் இடத்தில் கோடு போட்ட முக்கோணத்தில் நின்று யோசிப்பதும் உயிரோடு விளையாடுவது. கெலனிகமவுக்கும் தொடங்கொடவுக்கும் நடுவில் சுமார் 21 கிலோமீற்றர். வெலிப்பென்னவுக்கும் குருந்துகஹஹெதெக்மவுக்கும் நடுவிலும் ஏறக்குறைய அவ்வளவு. மாத்தறைவரை மற்றவை இதைவிடக் கிட்டக்கிட்ட வரும்.

வண்டி நின்றால்

ஹைவேயில் வண்டிகள் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஊருக்குள் தெரியாமல் கிடந்த கோளாறுதான். குறைந்த காற்றோடு 30இல் ஓடும் டயர் ஒன்றும் செய்யாது. அதே டயர் 100இல் ஒரு மணி நேரம் ஓடினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். பழைய ரீபில்ட் டயரில் மேல்தோல் உரிந்து வரும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தால் அதுவும் இங்கேதான் வெளியே தெரியும். ஏறுவதற்கு முன் ஸ்பெயார் உட்பட ஐந்து டயருக்கும் காற்று, தண்ணீர், பெற்றோல் மூன்றையும் பாருங்கள். இ01இல் வெலிப்பென்னவில் சாப்பாடு, கழிப்பறை, எரிபொருளோடு ஓய்விடம் இருக்கிறது. அதை நம்பிக் கொட்டாவையில் பெற்றோல் குறைவு விளக்கோடு ஏற வேண்டாம்.

நின்றுவிட்டால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு இடதுபக்க ஓரத் தடத்துக்குள் உருட்டி, ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். எல்லாரும் இடதுபக்கக் கதவால் இறங்கி இரும்புத் தடுப்புக்கு அப்பால் நிற்க வேண்டும். பிள்ளைகள் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும் என்று நினைப்பது பெரிய பிழை, ஓரத்தில் நிற்கும் வண்டியில் பின்னால் வந்து மோதும் விபத்துகள் உண்டு. பிறகு 1969ஐ அழையுங்கள், அது அதிவேக நெடுஞ்சாலைக்கான அவசர இலக்கம். அவர்கள் கேட்பது இரண்டு: எந்தத் திசையில் போகிறீர்கள், ஓரத்தில் உள்ள கிலோமீற்றர்க் கம்பத்தில் என்ன எண். ஆளுக்குக் காயம் என்றால் 1990, அம்புலன்ஸ், கட்டணம் இல்லை. வலதுபக்க டயரை நீங்களே மாற்றக் குந்த வேண்டாம், முதுகுக்குப் பின்னால்தான் லொறி போகும்.

வெள்ளக் காலத்தில் ஹைவே உயரத்தில் நின்றாலும் வாசலுக்குப் போகும் ஊர்வீதி தண்ணீரில் கிடக்கலாம். வெலிப்பென்ன வாசல் இப்படிப் பலமுறை மூடப்பட்டிருக்கிறது. மழை நாளில் புறப்படுமுன் செய்தி கேளுங்கள்.

லைசன், பெல்ட், தண்டம்

இந்திய லைசனை மட்டும் காட்டி ஓட்ட முடியாது. சர்வதேச அனுமதிப்பத்திரம் இருந்தாலும் கொழும்பில் உள்ள ஒட்டோமொபைல் சங்கத்தில் அங்கீகாரம் வாங்க வேண்டும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். 2025 ஓகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதற்கு ஒரு கவுண்டர் இருக்கிறது. ஹைவேயில் பின்னிருக்கைக்காரரும் பெல்ட் போட வேண்டும்.

வேகத்துக்குப் பிடித்தால் பொலிஸார் லைசனை வாங்கிக்கொண்டு தண்டச் சீட்டுத் தரலாம். அப்படி வாங்கினால் 14 நாளுக்குள் தபால் நிலையத்தில் காசைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி லைசனைத் திரும்பப் பெற வேண்டும். மாத்தறைப் பக்கம் பிடிபட்டால் லைசனுக்காக மறுபடி அங்கே போக நேரலாம், தண்டத்தை விட அந்த அலைச்சல்தான் தொல்லை.

ஓட்டாதவர்களுக்கும், வடக்கே போகிறவர்களுக்கும்

டாக்சி எடுத்தால் ஹைவே கட்டணம் பயணியின் தலையில்தான், ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து ஆட்டோவில் வந்தால் பழைய நீர்கொழும்பு வீதிதான் வழி. பஸ்ஸில் தெற்கே போகிறவர் கொட்டாவைக்குப் பக்கத்து மகும்புர நிலையத்தில் ஏறலாம்.

வெள்ளவத்தையிலிருந்து தெற்கே காரில் போக, கிருலப்பனை வழியாக ஹைலெவல் வீதி பிடித்து நுகேகொட, மஹரகம தாண்டிக் கொட்டாவ. மாலை நேரம் மஹரகமவில் மாட்டினால் ஹைவேயில் மிச்சம் பிடித்த நேரம் அங்கேயே போய்விடும். தெஹிவளை, பிலியந்தலை வழியாகக் கஹதுடுவவில் ஏறுவது அப்போது பரவாயில்லை. ஞாயிறு மாலையும் சித்திரை விடுமுறை முடியும் நாளும் கொட்டாவ வாசலில் இறங்கும் வரிசை நீளும்.

யாழ்ப்பாணத்துக்கு இன்னும் ஹைவே இல்லை. மத்திய அதிவேக நெடுஞ்சாலையில் மீரிகமவிலிருந்து குருநாகல்வரையான துண்டு 2022 ஜனவரியில் திறந்தது, கடவத்தை–மீரிகம துண்டு இன்னும் கட்டுமானத்தில் இருப்பதால் மீரிகமவரை கண்டி வீதி நெரிசலைத் தாங்கித்தான் போக வேண்டும். அதனால் வவுனியா, யாழ்ப்பாணம் போகும் பலர் கட்டுநாயக்க ஹைவேயால் வெளியேறி நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அனுராதபுரம் என்று போகிறார்கள். கட்டுநாயக்கவில் இறங்கியதும் வேகமானியை ஒருமுறை பாருங்கள். 100இல் வந்த கண்ணுக்கு 80 ஊர்வது போலத்தான் தெரியும், அடுத்த வளைவிலேயே பாதசாரிக் கடவையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடந்துகொண்டிருப்பார்கள்.