பிளே ஸ்டோர்ல 12+ வச்சிட்டா போதும்னு நினைக்காதீங்க

எங்க அக்கா பிளே ஸ்டோர்ல பேரண்டல் கண்ட்ரோல் ஆன் பண்ணியாச்சு, 12 வயசுக்கு ஏத்த ஆப் மட்டும் வர்ற மாதிரி 12+ வச்சாச்சு, இனி பையன் கைல போன் குடுத்தா பயமில்லன்னு சொன்னப்ப நானும் சரின்னு தலையாட்டிட்டேன், அப்புறம் சும்மா வாங்கி பாத்தா முன்னாடியே இன்ஸ்டால் பண்ண 18+ ஆப் ஒண்ணு பத்திரமா அங்கேயே இருக்கு. அந்த செட்டிங் இனிமே டவுன்லோட் பண்றத மட்டும்தான் தடுக்கும், ஏற்கனவே இருக்கறத தொடாது. கடை வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் வீட்டுக்குள்ள வந்து பாக்க மாட்டார்ல, அப்படித்தான். அதனால முதல்ல ஆப் லிஸ்ட்ட ஒரு தடவ முழுசா பாத்து வேண்டாதத தூக்குங்க.

இன்னொண்ணு, அது போட்ட போன்ல மட்டும்தான் வேலை செய்யும். பாட்டி போனும் பீரோல கெடக்குற பழைய டேபும் அப்படியே தொறந்து கெடக்கும், பசங்களுக்கு இது நம்மள விட நல்லா தெரியும். வாட்ஸ்அப்ல வர்ற ஏபிகே ஃபைல், அதாவது நேரா இன்ஸ்டால் பண்ற ஆப் ஃபைல், பிளே ஸ்டோர் பக்கமே போகாம உள்ள வந்துரும். செட்டிங்ஸ்ல 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்'னு தேடி குரோம், வாட்ஸ்அப், ஃபைல் மேனேஜர் எல்லாத்துக்கும் ஆஃப் பண்ணுங்க.

எனக்கு தெரிஞ்சு பெரிய தப்பு என்னன்னா, பிள்ளைக்கு கூகுள் அக்கவுண்ட் ஓப்பன் பண்றப்ப சட்டுனு முடியணும்னு பொறந்த வருஷத்த மாத்தி போடுறது. அப்புறம் கூகுள் கணக்குல உங்க 9 வயசு பொண்ணு பெரிய மனுஷி, யூடியூப்ல வயசு தடை போட்ட வீடியோவும் கேள்வி கேக்காம ஓடும். உண்மையான வயச போட்டு, பிள்ளை அக்கவுண்ட்ட பெத்தவங்க பாத்துக்கற கூகுளோட ஃபேமிலி லிங்க் ஆப்ல சேத்தா, குரோம்ல ஹிஸ்டரி பதியாத இன்காக்னிட்டோவே வராது, புது ஆப் போட உங்ககிட்ட கேக்கும். ஆனா ஃபேமிலி லிங்க்ல இருக்கற வெப்சைட் ஃபில்டர் குரோமுக்கு மட்டும்தான், வேற பிரவுசர் இருந்தா அது பாட்டுக்கு எல்லாத்தையும் காட்டும். ஒரே பிரவுசர் போதும், மத்தத எடுத்துடுங்க.

ஓடிடி ஆப்புக்கு உள்ள என்ன ஓடுதுன்னு போனுக்கு தெரியாது. மத்திய அரசோட 2021 ஐடி ரூல்ஸ் படி யு/ஏ 13+ங்கற வயசு ரேட்டிங்ல இருந்து மேல உள்ள படம், சீரிஸுக்கு பேரண்டல் லாக் வசதி குடுத்தே ஆகணும், குடுத்தும் இருக்காங்க, நாமதான் பின் போடாம விட்டுடுறோம்.

ஐபோன் வச்சிருக்கவங்க செட்டிங்ஸ்ல இருக்கற ஸ்கிரீன் டைம்ல அடல்ட் வெப்சைட்ட லிமிட் பண்ணா சஃபாரில பிரைவேட் டேபும் சேந்தே போயிரும். ஆப்பிள் 2025ல ஆப் ஸ்டோர் வயசு ரேட்டிங்ல 12+, 17+ எல்லாம் எடுத்துட்டு 13+, 16+, 18+னு மாத்திட்டாங்க, அதனால பழைய செட்டிங்க ஒரு தடவ தொறந்து பாருங்க. ஸ்கிரீன் டைம் பாஸ்கோடா போன் லாக் நம்பரையே போடாதீங்க, அத பிள்ளை தினமும் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருக்கு. பொறந்த வருஷமும் வேணாம், அக்கா போட்டது அதான்.

எல்லாம் முடிச்சிட்டு ஒரு பத்து நிமிஷம் நீங்களே அந்த போன்ல குறுக்கு வழி தேடிப் பாருங்க, தடைய தாண்டி போக வைக்கிற விபிஎன் ஆப் ஒண்ணு போட வருதான்னும் சேத்து பாருங்க.