தக்காளி இழப்புக்குக் காரணம் காட்டிய பரேட்டோ வரைபடம்

வெலிமடையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி அனுப்புவது எங்கள் தொழில். ஒவ்வொரு விற்பனைச் சிட்டையிலும் ஏதாவது ஒரு காரணத்துக்காகப் பணம் கழிபடும்: தக்காளி நசுங்கல், போஞ்சி வாடல், கரட்டில் மண், எடைக் குறைவு, லொறி தாமதம். எதை முதலில் சரிசெய்வது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு அபிப்பிராயம்.

பழைய சிட்டைகளைக் காரணவாரியாகப் பிரித்து பரேட்டோ வரைபடம் போட்டேன். பெரிய காரணம் இடப்பக்கம் தொடங்கி பட்டைகள் இறங்கி வரும். மேலே திரள் சதவீதக் கோடு, அதாவது ஒவ்வொரு காரணத்தின் பங்கையும் கூட்டிக்கொண்டே போகும் கோடு, ஏறிப்போகும். எக்செல் 2016 முதல் இது உள்ளேயே இருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எத்தனை தடவை என்று எண்ணி வரைந்தபோது கரட் மண்தான் முன்னால் நின்றது. ரூபாய்க் கணக்கில் வரைந்ததும் அது கடைசிக்குப் போய்விட்டது. தக்காளி நசுங்கல் மட்டுமே பாதி இழப்புக்கு மேல்! பணத்தில் வரையாவிட்டால் மண்ணைக் கழுவிக்கொண்டே இருந்திருப்போம்.

அப்புறம் நசுங்கலை மட்டும் தனியாகப் பிரித்து வரைந்தோம். உருளைக்கிழங்கு மூட்டைக்குக் கீழே போன பெட்டிகள்தான் பெரும்பாலும் அடிபட்டிருந்தன. அப்புத்தளை மலைப்பாதை வளைவுகளில் மூட்டைகள் சரிகின்றன. "அண்ணே, தக்காளிக்கு மேல ஒன்னும் வைக்காதீங்க" என்று லொறிக்காரரிடம் சொல்லி, பிளாஸ்டிக் கூடைகளுக்கும் மாறினோம்.

அடுத்த வரைபடத்தில் அந்தப் பட்டை நன்றாகக் குறைந்திருந்தது. இப்போது முதலிடத்தில் போஞ்சி வாடல். அதிகாலையில் பறித்துத் தரும்படி தோட்டக்காரர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.