கார் பார்க்கும் முன் பிளக்கைப் பாருங்கள்

மின்சார கார் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ராத்திரி வண்டி எங்கே நிற்கும்? நான் எலக்ட்ரீஷியன். கார் சார்ஜருக்கு லைன் இழுத்துக் கொடுப்பதுதான் இப்போது என் வேலையில் பெரும்பங்கு. பலரும் காரை புக் செய்துவிட்டு, டெலிவரிக்கு முந்தின வாரம்தான் கூப்பிடுகிறார்கள். அதற்குள் எதையும் மாற்ற முடியாத நிலை வந்துவிடுகிறது. நிறுத்தும் இடத்தில் உங்களுக்கென்று ஒரு பாயின்ட் கிடைக்கும் என்று உறுதியான பிறகு ஷோரூமுக்குப் போங்கள். வீட்டில் முடியாது என்றால் வேலை செய்யும் இடத்தில் வழி இருக்கிறதா பாருங்கள். இரண்டும் இல்லாமல் பொது சார்ஜரை மட்டும் நம்பி வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

அடுத்தது கணக்கு. சுமாரான அளவு கார் ஊருக்குள் ஒரு யூனிட்டுக்கு (கார் விவரத்தில் kWh என்று இருக்கும்) ஏழு கிலோமீட்டர் போகும். தினம் 50 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஏழு, எட்டு யூனிட் போதும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் ஒன்பது என்று வைத்துக்கொள்ளலாம். 15 ஆம்பியர் சாக்கெட்டிலேயே மூன்று, நான்கு மணி நேரத்தில் அது ஏறிவிடும். ஆகவே எல்லோருக்கும் சுவரில் மாட்டும் பெரிய சார்ஜர் தேவையில்லை. அதை வாங்கும் முன் காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர், அதாவது வீட்டு ஏசி கரண்டை பேட்டரிக்கான டிசியாக மாற்றும் பெட்டி, எத்தனை கிலோவாட் என்று கேளுங்கள். அது 3.3 என்றால், சுவரில் 7.4 கிலோவாட் பெட்டியை மாட்டினாலும் 3.3 தான் ஏறும். விற்பவர்கள் தானாக இதைச் சொல்வது அரிது.

வயரிங்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வாட்டர் ஹீட்டர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும். கார் மணிக்கணக்கில் ஒரே கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். பழைய சாக்கெட் இதைத் தாங்காது. ஒரு வீட்டில் சார்ஜ் பாதியில் நின்றுவிடுகிறது என்று கூப்பிட்டார்கள். சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றி மட்டும் பழுப்பேறியிருந்தது, பிளாஸ்டிக் லேசாக உள்வாங்கியிருந்தது. கழற்றிப் பார்த்தால், வயரைப் பிடிக்கும் ஸ்க்ரூ அரைச் சுற்று தளர்ந்திருந்தது. அவ்வளவுதான் காரணம். அந்த இடைவெளியில் உண்டான சூட்டில் வயரின் மேல்தோல் கருகி, செம்பு கறுத்துப் போயிருந்தது. இன்னும் சில ராத்திரி போயிருந்தால் தீப்பிடித்திருக்கும்.

அதனால் மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். 15, 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 7.4 கிலோவாட் பெட்டி இழுக்கும் 32 ஆம்பியருக்கு 6. போர்டுக்கும் பார்க்கிங்குக்கும் தூரம் அதிகமென்றால் இன்னும் ஒரு அளவு தடிமன் கூட்ட வேண்டும். கரண்ட் அளவு மீறினால் அணைக்கும் தனி எம்சிபியும், கரண்ட் கசிந்தால் அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் கட்டாயம். நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. புது லைன் போட்ட அன்று, சார்ஜ் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே மெயினை அணைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

எர்த் சரியில்லை என்றால் பெரும்பாலான சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். அப்போது சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, சரியாகிவிட்டது என்று சொல்லிப் போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். வழியில் எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பிலேயே கரண்ட் பாயும். குழந்தை கதவைத் தொட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எர்த் பிட்டை, அதாவது எர்த் வயர் தரைக்குள் இறங்கும் குழியை, சரிசெய்வதைத் தவிர இதற்கு வேறு வழி கிடையாது.

இனி காரைப் பார்க்கலாம். விளம்பரத்தில் போடும் ரேஞ்ச், அதாவது முழுச் சார்ஜில் ஓடும் தூரம், ஆய்வகச் சோதனையில் கிடைத்தது. ஐரோப்பாவில் 2017 முதல் நடப்பில் உள்ள டபிள்யூஎல்டிபி சோதனையில்கூட சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலையில் 100-ஐத் தாண்டி ஓட்டினால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். யூனிட்டுக்கு ஏழு என்பது ஐந்தரைக்கு இறங்கும். 40 யூனிட் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். வெளியூர்ப் பயணத்தில் 10 சதவீதத்தில் நிறுத்தி 80 வரை ஏற்றிக் கிளம்புவீர்கள். கையில் கிடைப்பது 28 யூனிட், அதாவது சுமார் 150 கிலோமீட்டர். நீங்கள் அடிக்கடி போகும் ஊருக்கு இந்த 150-ஐ வைத்துத் திட்டமிடுங்கள், விளம்பர எண்ணை வைத்து வேண்டாம்.

80-க்கு மேல் ஏன் நிற்கக் கூடாது? ஆன்போர்டு சார்ஜரைத் தாண்டி நேரே பேட்டரிக்கு ஏற்றும் வேகமான டிசி சார்ஜரில், பேட்டரி நிரம்ப நிரம்ப கார் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், குறுகிய வாய்க் குடத்தில் கழுத்துவரை வந்த பிறகு தண்ணீரை மெல்ல ஊற்றுவது போல. கடைசி 20 சதவீதத்துக்காகக் காத்திருப்பதைவிட அடுத்த சார்ஜரில் இன்னொரு முறை நிற்பது பெரும்பாலும் சீக்கிரம் முடியும். அதிகபட்சம் எத்தனை கிலோவாட் என்பதைவிட, 10-லிருந்து 80 போக எத்தனை நிமிடம் என்று கேளுங்கள்.

பேட்டரி வகையையும் கேட்டுவிடுங்கள். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) என்றால் சூட்டைத் தாங்கும், ஆயுளும் அதிகம். எடை கூடுதல், கடுங்குளிரில் சற்று மந்தம். வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்கிறார்கள். சார்ஜ் குறைந்தாலும் வோல்டேஜ் பெரிதாக மாறாத வகை இது என்பதால், முழுசாக நிரப்பினால்தான் சதவீதக் கணக்கு சரியாகக் காட்டும். என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது) என்றால் தினசரிக்கு 80 போதும், 100 பயணத்துக்கு முன்னால் மட்டும். எந்த வகையானாலும் நீண்ட நாள் ஓட்டாமல் நிறுத்துவதென்றால் பாதிச் சார்ஜில் விடுங்கள்.

டெஸ்ட் டிரைவில் எல்லோரும் பிக்கப்பைத்தான் பார்க்கிறார்கள். நான் சொல்வது, பின் சீட்டில் அரை மணி நேரம் உட்காருங்கள். பேட்டரிக்காகத் தரை உயர்ந்திருப்பதால் சில வண்டிகளில் முழங்கால் தூக்கிக்கொண்டே நிற்கும், வயதானவர்களுக்குத் தொடை வலிக்கும். ஸ்டெப்னி இருக்கிறதா பாருங்கள். சார்ஜ் போர்ட் எந்தப் பக்கம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கேபிள் பெரும்பாலும் ஐந்து மீட்டர்தான். தினமும் ரிவர்ஸில் விட்டால்தான் எட்டும் என்றால், அந்த வண்டிக்கேற்ப சாக்கெட்டின் இடத்தை மாற்றிவிடலாம்.

வாரண்டி பெரும்பாலும் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சரிசெய்து தருவார்கள் என்று இருக்கும். இரண்டாவது கை வண்டியானால், அந்த வாரண்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்று எழுத்தில் வாங்குங்கள், பேட்டரி ஆரோக்கிய அறிக்கையும் கேளுங்கள்.

கடைசியாக, பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்தால் ரிமோட்டில் கதவே திறக்காது. கதவைக் கையால் திறக்கும் வழியை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சேர்ந்து சுற்றி மின்சாரம் உண்டாக்கும், அது உள்ளே இருக்கும் பாகங்களைக் கெடுத்துவிடலாம். நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிப்போகும் லாரியைத்தான் கூப்பிட வேண்டும், அந்த நம்பரை இப்போதே போனில் ஏற்றி வையுங்கள்.