ஊருக்குள் காய்கறி போட மாநகராட்சியிடம் இடம் கேட்பது எப்படி

"நகர்ப்புற விவசாயத்தை ஊக்குவிக்க வேண்டும்" என்று பொதுவாக மனு எழுதினால் அது கோப்பிலேயே தூங்கிவிடும். 2020-இல் டெல்டாவுக்காகப் போட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் காட்டிப் பார்க்கலாமே என்று சிலர் நினைக்கிறார்கள், ஆனால் அது எண்ணெய், எரிவாயு மாதிரியான தொழில்களைத் தடுக்க வந்த சட்டம், தஞ்சாவூர் தெருமுனையில் கத்தரி போடுவதற்கு அது உதவாது.

முதலில் ஒரே ஒரு இடத்தைப் பிடியுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அந்த இடம் பூங்கா என்று வரைபடத்தில் இருக்கும், நேரில் போனால் கருவை மண்டிக் கிடக்கும். உங்கள் வார்டில் அப்படி எவை இருக்கின்றன, சர்வே எண், பரப்பு என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

மனுவில் "பூங்காவைத் தோட்டமாக மாற்றுங்கள்" என்று எழுதாதீர்கள். பயன்பாட்டை மாற்றுவது என்றாலே அதிகாரிகள் பின்வாங்குவார்கள், நியாயமும்தான், பூங்கா நிலத்தை வேறு எதற்கும் விடக்கூடாது என்று கோர்ட் தீர்ப்புகள் இருக்கின்றன. பூங்கா பூங்காவாகவே இருக்கட்டும், அதில் ஒரு மூலையில் காய்கறிப் பாத்தி போட அனுமதி மட்டும் போதும், குத்தகை வேண்டாம், கட்டடம் எழுப்ப மாட்டோம் என்று எழுதுங்கள். வாய்க்கால் கரை எவ்வளவு ஆசை காட்டினாலும் கேட்காதீர்கள், நீர்நிலைப் புறம்போக்கு என்று அன்றைக்கே மனுவைத் திருப்பிவிடுவார்கள்.

அப்புறம் தண்ணீர். கோடையில் யார் ஊற்றுவது என்பதுதான் முதல் கேள்வியாக வரும், அதற்கு ஆள் பெயரோடு பதில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கும் இடமாக இருந்தால் மேட்டுப்பாத்தி என்று குறிப்பிடுங்கள். குப்பையை உரமாக்கும் மாநகராட்சியின் நுண் உர மையத்தில் தயாராகும் உரத்தில் ஒரு பங்கையும் கேட்கலாம்.

சித்திரையிலேயே தொடங்கினால்தான் ஆடிப்பட்டத்துக்கு அனுமதி கைக்கு வர வாய்ப்புண்டு. வார்டின் ஒவ்வொரு பகுதிக்கும் மக்களைக் கூட்டி நடத்தும் பகுதி சபைக் கூட்டத்தில் பேசிப் பதிவேட்டில் எழுத வையுங்கள், அதைக் காட்டிக் கவுன்சிலரை மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் இழுத்தடித்தால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம் இருக்கிறது, ரசீது வாங்காமல் வராதீர்கள். கமிஷனர் வாய்மொழியாகச் சரி என்றாலும் விதை வாங்க ஓடாதீர்கள், அவர் மாறுதலாகிப் போனால் அடுத்தவர் தீர்மான எண்ணைத்தான் கேட்பார்.